மணத்துக்கேற்ற நெருப்பு: சமையலில் பேசில் இலை

பேசில் என்று இன்று காய்கறி அங்காடிகளில் விற்கப்படும் இலை, திருநீற்றுப்பச்சை, திருநீற்றுப்பச்சிலை என்ற பெயர்களில் தமிழர் நெடுங்காலமாக அறிந்த செடியின் இலையே. தாவரவியலில் அதற்கு ஆசிமம் பேசிலிக்கம் என்று பெயர். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. புதினா, ஓமவல்லி, மருவு ஆகியவை அடங்கிய லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு பட்டையான தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், நுனியில் அடுக்கடுக்காக எழும் சிறு பூக்கள் ஆகியவை அந்தக் குடும்பத்தின் அடையாளங்கள். வெப்பமண்டலத்துக்கு உரிய செடியாதலால் வெயிலும் ஈரமும் கிடைத்தால் செழிக்கும். குளிர் பட்டால் கருகிவிடும்.

ஆசிமம் பேரினத்தில் 60க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. உலகச் சமையலில் பேசில் என வழங்குவது அவற்றுள் ஒன்று மட்டும் அன்று. இத்தாலியின் ஜெனோவாவில் அரைக்கப்படுவதும் தாய்லாந்தின் பச்சைக் குழம்பில் மிதப்பதும் ஒரே இனத்தின் வெவ்வேறு வகைகள். தாய்லாந்தில் இறைச்சியோடு வதக்கப்படும் இலையோ நம் வீட்டு மாடத்துத் துளசியின் இனம். இந்தோனேசியாவில் மீனோடு பொதியப்படுவது எலுமிச்சை மணம் வீசும் ஒரு கலப்பினம். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை இட்டால் உணவின் சுவையே மாறிவிடும். ஒரு நாட்டுச் சமையல் இலையைப் பச்சையாகச் சேர்க்கிறது; இன்னொன்று இறக்கும் நேரத்தில் சேர்க்கிறது; மற்றொன்று கொதிக்கும் எண்ணெயிலேயே போடுகிறது. இந்த வேறுபாடுகளுக்கான காரணத்தைப் பெரும்பாலும் இலைக்குள் இருக்கும் எண்ணெயில் காணலாம்.

இலையும் எண்ணெயும்

பேசில் இலையின் மேற்பரப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்ணிய சுரப்பிகள் தெரியும். மணம் தரும் எண்ணெய் அவற்றின் மெல்லிய மேல்தோலுக்கு அடியில் தேங்கி நிற்கிறது. விரல் உரசினாலே அந்தத் தோல் உடைந்து எண்ணெய் காற்றில் கலந்துவிடும். செடியைக் கடந்து செல்பவரின் கையில் மணம் ஒட்டிக்கொள்வது இதனால்தான். கறிவேப்பிலையைப் போலத் தடித்த இலையாக இருந்தால் மணத்தை வெளிக்கொணரச் சூடான எண்ணெய் வேண்டும். பேசிலுக்கு அது தேவையில்லை, நசுக்குவதே போதும்.

அந்த எண்ணெய் ஒரே பொருளால் ஆனதன்று. லினலூல் பூவின் மணத்தைத் தருகிறது. மெத்தில் சாவிகால் சோம்பை நினைவூட்டும் இனிப்பு மணம் உடையது. யூஜெனால் கிராம்பின் மணம். கிராம்பு எண்ணெயிலும் அதுவே முதன்மையானது. சினியோல் யூகலிப்டஸின் குளிர்ச்சியைத் தருகிறது. சிட்ரால் எலுமிச்சம்புல்லின் மணம். மெத்தில் சின்னமேட் இலவங்கப்பட்டையை ஒத்தது. ஒரு வகை இன்ன மணம் உடையது என்று சொல்வதெல்லாம் இந்தப் பொருள்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்ததே. ஜெனோவா வகையில் லினலூலும் யூஜெனாலும் ஓங்கி நிற்கின்றன. தாய்லாந்தின் ஹொரப்பா வகையில் மெத்தில் சாவிகால் முதன்மை பெறுகிறது. துளசியில் யூஜெனாலும் மிளகிலும் காணப்படும் கேரியோஃபிலினும் சேர்ந்து காரம் கலந்த மணத்தைத் தருகின்றன. எலுமிச்சைப் பேசிலில் சிட்ரால் மிகுந்திருக்கிறது.

ஒரே வகையிலும் செடியின் வயதுக்கேற்ப இந்தக் கலவை மாறும். ஜெனோவா வகையின் இளஞ்செடிகள் ஏறக்குறைய 10 செ.மீ. உயரத்தை எட்டும்வரை மெத்தில் யூஜெனால் மிகுந்தும், அதன்பின் யூஜெனால் மிகுந்தும் காணப்படுகின்றன. பூ விட்ட செடியின் இலை சிறுத்து, தடித்து, கசப்பேறும். அதனால் சமையலுக்கு வளர்ப்பவர்கள் பூந்தண்டு தலைகாட்டும்போதே நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளைகள் எழும், இலையும் கூடும்.

நெருப்பைத் தாங்கும் ஆற்றலும் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. சினியோலின் கொதிநிலை ஏறக்குறைய 176 பாகை செல்சியஸ், லினலூலுக்கு 198, மெத்தில் சாவிகாலுக்கு 216, யூஜெனாலுக்கு 254. கொதிநிலையை எட்டும் முன்பே நீராவியோடு கலந்து இவை வெளியேறத் தொடங்கிவிடுகின்றன. கொதிநிலை குறைந்தது முதலில் போகும். லினலூலை நம்பியிருக்கும் ஜெனோவா இலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் பூமணம் போய், கீரையை வேகவைத்த வாசனையே மிஞ்சும். யூஜெனால் மிகுந்த துளசியோ வாணலியின் சூட்டைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். இந்த எண்ணெய்கள் நீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. கொழுப்பில் எளிதில் கரையும். ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி, தேங்காய்ப்பால் போன்ற கொழுப்புள்ள பொருள்களோடு பேசில் சேரும்போது மணம் உணவில் தங்குவது இதனால்தான்.

ஜெனோவா: நெருப்பே காணாத இலை

பேசிலை நெருப்பில் காட்டாமல் உண்ணும் முறைகளில் மிகவும் செம்மை பெற்றது வடமேற்கு இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் உருவான பெஸ்டோ. ஜெனோவா நகரின் மேற்குப் பகுதியான ப்ரா, இதற்கான இலையை வளர்ப்பதில் பெயர் பெற்ற ஊர். லிகூரியாவின் கடலோரச் சரிவுகளில் விளையும் ஜெனோவாப் பேசிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடக் குறியீட்டை வழங்கியது. அந்த இலைகள் சிறியவை, வெளிர்பச்சையானவை, கிண்ணம்போல் சற்றே குவிந்தவை. புதினாவின் சாயல் இல்லாதவை. இரண்டு முதல் நான்கு இணை இலைகள் வந்த இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கிச் சிறு கட்டுகளாகக் கட்டி விற்கிறார்கள். முற்றிய இலையில் ஏறும் கடுமை அரைத்த விழுதில் துல்லியமாகத் தெரிந்துவிடும் என்பதால் இவ்வளவு இளமையிலேயே பறிக்கிறார்கள்.

பெஸ்டோவில் சேர்பவை ஏழு: பேசில், பூண்டு, பைன் கொட்டை, பார்மிஜானோ பாலாடைக்கட்டி, ஆட்டுப்பாலில் செய்த பெக்கோரினோ பாலாடைக்கட்டி, கல்லுப்பு, ஆலிவ் எண்ணெய். ஏறக்குறைய 60 முதல் 70 கிராம் இலைக்கு 30 கிராம் பைன் கொட்டையும், ஒன்றிரண்டு பூண்டுப் பற்களும், இலையின் எடைக்குக் குறையாத பாலாடைக்கட்டியும் சேர்ப்பது வழக்கம். கருவி, பளிங்கு உரலும் மர உலக்கையும். முதலில் பூண்டை நசுக்குகிறார்கள். பிறகு இலையையும் கல்லுப்பையும் இட்டு, இடிக்காமல் உரலின் சுவரோடு வட்டமாகத் தேய்க்கிறார்கள். உப்பின் கூர்முனைகள் இலையின் சுரப்பிகளைக் கிழிக்கின்றன. இலையில் சூடும் ஏறுவதில்லை. பைன் கொட்டையும் பாலாடைக்கட்டியும் அடுத்தடுத்துச் சேர்ந்து, இறுதியில் எண்ணெய் ஊற்றப்படுகிறது. வெளியேறும் மணத்தை அந்தக் கொழுப்பு பிடித்துவைக்கிறது.

அரைத்த பெஸ்டோவை அடுப்பில் வைப்பதில்லை. பாஸ்தா வெந்த நீரில் சிறிது சேர்த்து இளக்கி, வடித்த பாஸ்தாவில் பிசறுகிறார்கள். முறுக்கிய சிறு பாஸ்தாவான ட்ரோஃபியோ, நீண்ட ட்ரெனெட்டேயோ இதற்கு உரியவை. அதே நீரில் உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் வேகவைத்துச் சேர்ப்பது ஜெனோவாவின் வழக்கம். உருளைக்கிழங்கின் மாவுத்தன்மை எண்ணெயைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. காய்கறிக் கெட்டிச் சூப்பான மினெஸ்ட்ரோனேயை இறக்கியபின் ஒரு கரண்டி பெஸ்டோ கலப்பதும் அங்கே உண்டு.

இன்றைய வடிவிலான பெஸ்டோவின் செய்முறை, ஜோவான்னி பட்டிஸ்டா ரட்டோ 1863இல் வெளியிட்ட ஜெனோவாச் சமையல் நூலில் இடம்பெற்றது. அதற்கு முன்பே பூண்டை இடித்துச் செய்யும் அலியாட்டா போன்ற சாந்துகள் லிகூரியாவில் வழக்கில் இருந்தன. எல்லைக்கு அப்பால், பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில் பேசில், பூண்டு, ஆலிவ் எண்ணெய் மட்டும் சேர்த்துப் பிஸ்டூ அரைக்கிறார்கள். பைன் கொட்டை சேர்ப்பதில்லை. கோடையில் விளையும் பீன்ஸ், சுரைக்காய் வகைகள், தக்காளி ஆகியவற்றால் செய்த சூப்பில், பரிமாறும் நேரத்தில் அதைக் கலக்கிறார்கள். இரண்டு ஊர்களிலும் விதி ஒன்றுதான்: உணவு சூடாக இருக்கலாம், இலை வேகக் கூடாது.

தக்காளியும் மிளகாயும் திறந்த வழி

தெற்கு இத்தாலியில் பேசிலின் துணை தக்காளி. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. அதைச் சாந்தாக்கிப் பாஸ்தாவில் கலக்கும் பழக்கம் அதற்கும் வெகுகாலம் கழித்தே பரவியது. ஆகவே இன்று பிரிக்க முடியாததாகத் தோன்றும் தக்காளி–பேசில் இணை, பேசிலின் நீண்ட வரலாற்றில் பிந்தியது. தக்காளியின் புளிப்பும் இனிப்பும் லினலூலின் பூமணத்தையும் யூஜெனாலின் காரத்தையும் எடுத்துக்காட்டுகின்றன. காப்ரித் தீவின் பெயர் தாங்கிய காப்ரேஸே சாலட்டில் தக்காளி, மொஸரெல்லா, பேசில், ஆலிவ் எண்ணெய், உப்பு தவிர வேறெதுவும் வேண்டியதில்லை.

நேப்பிள்ஸின் மார்கரிட்டா பீட்ஸாவிலும் இதே தக்காளி, மொஸரெல்லா, பேசில் மூன்றும் சேர்கின்றன. 1889இல் அரசி மார்கரிட்டாவுக்காக ரஃபாயேலே எஸ்போசிட்டோ இதைச் செய்தார் என்பது பரவலாக வழங்கும் கதை. வரலாற்றாய்வாளர் பலர் அதை ஐயுறுகின்றனர். நேப்பிள்ஸின் பீட்ஸாக் கலையை யுனெஸ்கோ 2017இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விறகடுப்பில் 60 முதல் 90 நொடிகளில் பீட்ஸா வெந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்திலும் இலை கருகாதிருக்க அதன்மேல் எண்ணெய் தெளிக்கிறார்கள். வேறு சிலர் அடுப்பிலிருந்து எடுத்தபின் இலையை இடுகிறார்கள். தக்காளிச் சாந்தை ஆண்டு முழுவதுக்குமாகப் போத்தலில் அடைக்கும் தென் இத்தாலியக் குடும்பங்கள் ஒவ்வொரு போத்தலிலும் ஓர் இலையைப் போட்டு மூடுகின்றன. மூடிய போத்தலிலிருந்து நீராவி வெளியேற வழியில்லை. ஆகவே அங்கே இலை வெந்தாலும் மணம் சாந்திலேயே தங்கும்.

தக்காளி இத்தாலியில் செய்ததை மிளகாய் தென்கிழக்கு ஆசியாவில் செய்தது. மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கடல் வழியே வந்ததுதான். இலைகள் அந்த நாடுகளில் முன்பே இருந்தன. அவற்றின் மணத்தை மிளகாயின் காரத்தோடும் பூண்டோடும் சேர்த்த உணவுகளே இன்று அந்த நாடுகளின் அடையாளமாகிவிட்டன.

தாய்லாந்தின் மூன்று இலைகள்

பேசில் வகைகளை அவற்றின் மணத்துக்கேற்பப் பிரித்துக் கையாள்வதில் தாய்லாந்துச் சமையல் மிகுந்த தெளிவு உடையது. அங்கே மூன்று இலைகளுக்கு மூன்று பெயர்கள், மூன்று வேலைகள்.

முதலாவது ஹொரப்பா. ஊதா நிறத் தண்டும், கூர்மையான பச்சை இலையும், சோம்பின் இனிப்பு மணமும் கொண்டது. தேங்காய்ப்பாலில் செய்யும் பச்சைக் குழம்பிலும் சிவப்புக் குழம்பிலும், மட்டியை மிளகாய் விழுதோடு வதக்கும் உணவிலும் இது சேர்கிறது. குழம்பை இறக்கும் தறுவாயில் கைப்பிடி இலையைப் போட்டு, வாடியதும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மெத்தில் சாவிகால் தேங்காய்ப்பாலின் கொழுப்பில் கரைந்து குழம்பு முழுவதும் பரவுகிறது.

இரண்டாவது கப்ராவ். இது துளசி இனம்; தாவரவியலில் ஆசிமம் டெனுயிஃப்ளோரம். இதைக் கொண்டு செய்யும் பாட் கப்ராவ் தாய்லாந்தின் அன்றாடத் தெருவோர உணவு. பூண்டையும் மிளகாயையும் உரலில் நசுக்கி, நன்கு காய்ந்த எண்ணெயில் போட்டு, கொத்திய கோழி அல்லது பன்றி இறைச்சியைச் சேர்த்து, மீன் சாஸ், சோயா சாஸ், சிறிது சர்க்கரை இட்டுப் பெருந்தீயில் கிளறுகிறார்கள். கடைசியில் இலைகளைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி இறக்குகிறார்கள். சோற்றின் மேல் இதையும், ஓரம் மொறுமொறுப்பாகப் பொரித்த முட்டையையும் வைத்துப் பரிமாறுகிறார்கள். கிராம்பும் மிளகும் கலந்த துளசியின் மணமே மீன் சாஸுக்கும் பூண்டுக்கும் ஈடுகொடுக்கும். அந்த இடத்தில் ஜெனோவா இலையை இட்டால் அதன் மென்மணம் இருந்த இடம் தெரியாது. துளசி கிடைக்காத வெளிநாட்டு உணவகங்கள் ஹொரப்பாவை இடுவதுண்டு; அப்போது உணவு காரமணத்திலிருந்து சோம்பு மணத்துக்கு மாறிவிடுகிறது.

மூன்றாவது மெங்லக் எனப்படும் எலுமிச்சைப் பேசில். இதன் இலை மெல்லியது. சிட்ரால் விரைவில் மறைந்துவிடும். காய்கறிகளை மிளகோடு வேகவைக்கும் காரச்சாறான கெங் லியாங்கில் இறக்கும் நேரத்தில் இதைச் சேர்க்கிறார்கள். புளிக்கவைத்த அரிசிமாவு நூடுல்ஸோடு பச்சையாகவும் வைக்கிறார்கள். இதன் விதைகளை இனிப்புப் பானங்களில் ஊறவைத்துப் பருகுவதும் உண்டு.

வியட்நாம், தைவான், இந்தோனேசியா

வியட்நாமின் தென்பகுதியில் ஃபோ எனப்படும் நூடுல்ஸ் சாறு பரிமாறும்போது தனித்தட்டில் பச்சை இலைகள் வருகின்றன. அவற்றுள் சோம்பு மணமுள்ள பேசில் முதன்மையானது. உண்பவரே இலைகளைக் கிள்ளிக் கொதிக்கும் சாறில் இடுகிறார். மணம் எழும் நொடியும் உண்ணும் நொடியும் ஒன்றாகிவிடுவதால் இழப்பு மிகக் குறைவு. இலை எப்போது நெருப்பைச் சந்திக்க வேண்டும் என்பதை இங்கே சமைப்பவருக்குப் பதிலாக உண்பவரே முடிவு செய்கிறார்.

தைவானில் மூன்று கோப்பைக் கோழி என்ற உணவு புகழ் பெற்றது. எள் எண்ணெய், சோயா சாஸ், அரிசி மது ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. இஞ்சியும் பூண்டும் சேர்த்து மண்சட்டியில் கோழியைச் சுண்டவைத்து, முடிவில் நிறையப் பேசில் இலைகளை இட்டு மூடிவிடுகிறார்கள். மூடியைத் திறக்கும்போது எழும் மணம் அந்த உணவின் ஒரு பகுதி. தெருக்கடைகளில் பொரித்த கோழித் துண்டுகளோடு பேசில் இலைகளையும் எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். இலையின் நீர் நொடிகளில் வற்றி அப்பளம்போல் நொறுங்கும். மணத்தின் ஒரு பங்கு போனாலும் மொறுமொறுப்பு அதை ஈடுசெய்கிறது.

இந்தோனேசியாவின் கெமாங்கி, எலுமிச்சைப் பேசில் வகையைச் சேர்ந்தது. மேற்கு ஜாவாவின் சுண்டா மக்கள் இதை வெள்ளரி, முட்டைக்கோஸ் ஆகியவற்றோடு பச்சையாக சம்பலில் தொட்டு உண்கிறார்கள். மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் பூசிய மீனின்மேல் இந்த இலைகளை வைத்து, வாழையிலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்துத் தணலில் வாட்டுவது பெப்பெஸ். வாழையிலைப் பொதி, போத்தல் மூடியின் வேலையைச் செய்கிறது. சிட்ரால் மீனுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. சுலவேசியின் மனாடோப் பகுதியில் வோக்கு என்ற காரமான மீன் குழம்பிலும் கெமாங்கி இன்றியமையாதது.

ஈரானும் மேற்கு ஆப்பிரிக்காவும்

ஈரானில் உணவு மேசையில் தினமும் பச்சை இலைத் தட்டு ஒன்று வைக்கப்படுகிறது. ரெய்ஹான் எனப்படும் பேசில், புதினா, வெங்காயத்தாள், முள்ளங்கி ஆகியவற்றை ரொட்டியிலும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியிலும் வைத்துச் சுருட்டி உண்கிறார்கள். சுட்ட இறைச்சிக்கும் இவையே துணை. அங்கே பேசில் மணமூட்டி மட்டும் அன்று, கீரையாகவே உண்ணப்படுகிறது. ஆர்மீனியாவிலும் ஜார்ஜியாவிலும் ஊதா நிறப் பேசில் விரும்பப்படுகிறது. அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின். சூட்டில் அது மங்கிவிடும். வினிகரில் இட்டால் வினிகர் இளஞ்சிவப்பாகும். ஆகவே ஊதா வகையைப் பச்சையாக உண்பதும் வினிகரில் ஊறவைப்பதும் பொருத்தம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பயன்படுவது ஆசிமம் கிராட்டிசிமம் என்ற பெரிய புதர்ச்செடி. அதன் எண்ணெயில் தைமால் மிகுந்த வகைகள் உண்டு. ஓமத்தின் மணத்துக்குக் காரணமும் தைமால்தான். நைஜீரியாவில் இக்போ மக்கள் இதை ஞ்சான்வு என்றும் யோருபா மக்கள் எஃபிரின் என்றும் அழைக்கிறார்கள். மீனோ ஆட்டிறைச்சியோ சேர்த்த மிளகுச் சாறுக்கு இது உரியது. தைமால் சூட்டைத் தாங்கும் என்பதால் கொதிக்கும் சாறிலேயே இந்த இலையை இட முடிகிறது.

விதை

பேசில் விதை, தமிழ்நாட்டில் சப்ஜா விதை என்ற பெயரில் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இலங்கையில் இதையே கசகசா என்கிறார்கள். தமிழ்நாட்டில் கசகசா என்பது குருமாவில் அரைக்கும் வேறு விதை. இலங்கைச் செய்முறையைப் பார்த்துச் சமைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். மெக்சிகோ, குவாத்தமாலாப் பகுதிக்கு உரிய சியா விதையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதை. சியா மெதுவாக ஊறும், சப்ஜா சில நிமிடங்களிலேயே உப்பிவிடும்.

விதையின் மேலுறையில் குளுக்கோமன்னன் முதலிய நீர் ஈர்க்கும் நார்ப்பொருள்கள் உள்ளன. நீர் பட்டதும் அவை விரிந்து, கரிய விதையைச் சுற்றி ஒளி ஊடுருவும் கூழுறையாகின்றன. விதைக்குத் தனிச்சுவை கிடையாது. வழுக்கும் கூழும் நடுவில் நறுக்கென்ற பருப்புமாகிய அந்த அனுபவத்துக்காகவே அது விரும்பப்படுகிறது. நன்னாரி சர்பத், ரோஜா சர்பத், சேமியாவும் பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஃபலூடா ஆகியவற்றில் இது இடம்பெறுகிறது. ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு குவளை நீர் போதும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஊறவேண்டும். உலர்ந்த விதையை அப்படியே விழுங்கக் கூடாது. தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. குறிப்பாகச் சிறுவர்களுக்கு நன்கு ஊறியபின்னரே கொடுக்க வேண்டும்.

வெட்டுதலும் வைத்திருத்தலும்

பேசில் இலை நசுங்கிய இடத்தில் கறுப்பதற்குக் காரணம், உடைந்த செல்களிலிருந்து வெளிவரும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது இலையின் ஃபீனால் பொருள்களைக் கரும்பழுப்பாக மாற்றுகிறது. மழுங்கிய கத்தி இலையை அதிகம் நசுக்கும். கூரிய கத்தி குறைவாகக் காயப்படுத்தும். சாலட்டுக்குக் கையால் கிள்ளிப் போடலாம். எப்படியானாலும் பரிமாறும் நேரத்தில் வெட்டுவதே நல்லது. இலையைக் கொதிநீரில் சில நொடிகள் முக்கி உடனே பனிநீரில் இட்டால் நொதி செயலிழக்கும். அரைத்த விழுது நெடுநேரம் பச்சையாக இருக்கும். அதற்கு விலையாக மணத்தில் ஒரு பங்கு நீரோடு போய்விடும்.

குளிர்சாதனப் பெட்டி பேசிலுக்கு ஒத்துவராது. 10 முதல் 12 பாகை செல்சியசுக்குக் கீழே இலையின் செல்சவ்வுகள் சிதைந்து கரும்புள்ளிகள் விழும். ஒரே இரவில் கொத்து முழுவதும் கறுத்துவிடுவதும் உண்டு. காம்பின் நுனியைச் சீவி, நீர் நிரம்பிய குவளையில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வைத்தால் பல நாள் வாடாமல் இருக்கும். அப்படி நிற்கும் காம்புகள் சில நாளில் வேர்விடும். அவற்றைத் தொட்டியில் நட்டால் புதுச்செடி கிடைக்கும்.

நெடுநாள் சேமிப்புக்கு உறையவைப்பதே சிறந்தது. இலையை எண்ணெயோடு அரைத்துப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளலாம். பெஸ்டோவை உறையவைப்பவர்கள் பாலாடைக்கட்டியைப் பயன்படுத்தும் அன்று சேர்ப்பது வழக்கம். உலர்த்திய பேசிலில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் பெரும்பாலும் போய்விடும். அதைப் புதிய இலைக்கு மாற்றாகக் கொள்ள முடியாது; நெடுநேரம் கொதிக்கும் தக்காளிச் சாந்துகளுக்கு மட்டும் ஓரளவு உதவும்.

பச்சை இலையையும் பூண்டையும் எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பத்தில் வைப்பது ஆபத்தானது. எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது, புளிப்பும் இல்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர் வளர்ந்து உயிருக்கு ஊறு செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். அந்த நஞ்சு நிறத்திலோ மணத்திலோ தெரியாது. இத்தகைய எண்ணெய்களைச் சிறிதளவு செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். அல்லது உறையவைக்க வேண்டும்.

உடல்நலம்

பேசில் இலையில் கலோரி மிகக் குறைவு. 100 கிராமில் ஏறக்குறைய 400 மைக்ரோகிராம் வைட்டமின் கே உள்ளது. நாலைந்து இலைகளை உண்பதால் எந்தக் கவலையும் இல்லை. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் மட்டும் பெஸ்டோ போன்றவற்றைத் திடீரென நிறையச் சாப்பிடுவதைத் தவிர்த்து, கீரை உண்ணும் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

மெத்தில் சாவிகாலும் மெத்தில் யூஜெனாலும் மிகுந்த அளவில் விலங்குகளுக்குக் கொடுத்த சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைத் தனிப்பொருளாக உணவில் சேர்க்கத் தடை விதித்துள்ளது. இலையாக உண்ணும்போது உடலில் சேரும் அளவு மிகச் சிறியது. ஆனால் காய்ச்சி வடித்த பேசில் எண்ணெயில் இவை பன்மடங்கு செறிந்திருப்பதால், அதைச் சொட்டுச் சொட்டாக உணவில் விடுவது இலையை இடுவதற்கு ஈடாகாது, தவிர்க்க வேண்டியது.

தமிழ்நாட்டுச் செடி

இவ்வளவு நாடுகளில் உணவாகிய செடி, தமிழ்நாட்டில் சமையற்கட்டுக்குள் அவ்வளவாக வரவில்லை. துளசி வழிபாட்டுக்கும் தீர்த்தத்துக்கும் உரியதாயிற்று. திருநீற்றுப்பச்சை மாலைக்கும் சித்த மருத்துவத்துக்கும் உரியதாயிற்று. விதை மட்டுமே பானத்தில் இடம்பிடித்தது. கிரேக்கத்திலும் இத்தகைய நிலை உண்டு. அங்கே வீட்டு வாசலில் பேசில் தொட்டிகள் நிற்கின்றன. தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கப் பேசில் கொத்தைப் பயன்படுத்துகிறார்கள். மரபான சமையலில் அதற்குள்ள இடமோ சிறியது. இந்திய சமையலில் மணத்துக்கான பச்சிலையின் இடத்தைக் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை ஆகியவை நிறைத்துக்கொண்டன.

ஆயினும் செடி இங்கே எளிதாக வளர்கிறது. விதைத்த ஓரிரு மாதங்களில் பறிக்கலாம். வெயில் படும் மாடித்தொட்டியே போதும். எந்த உணவில் அதைச் சேர்ப்பது என்பதை அதன் மணத்தைக் கொண்டு முடிவு செய்யலாம். இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் பேசில் வகைகளில் பல மெத்தில் சாவிகால் மிகுந்தவை. சோம்பு மணம் வீசும் அத்தகைய செடி, ஜெனோவா இலையைவிடத் தாய்லாந்தின் ஹொரப்பாவுக்கே நெருக்கமானது. அதைக் கொண்டு பெஸ்டோ அரைத்தால் சோம்பின் இனிப்பு ஓங்கி, பாலாடைக்கட்டியோடு ஒட்டாது. தேங்காய்ப்பால் சேர்ந்த மீன் குழம்பிலோ கோழிக் குழம்பிலோ இறக்கும் நேரத்தில் இட்டால் இயல்பாகப் பொருந்தும். நம் குருமாவில் சோம்பு செய்யும் வேலையை அங்கே இலையே செய்துவிடும். கிராம்பு மணமுள்ள துளசி, பூண்டும் மிளகாயும் சேர்ந்த வறுவலுக்கு ஏற்றது. பூமணம் வீசும் ஜெனோவா வகையை வேண்டுவோர் அதன் விதையைத் தனியே வாங்கி வளர்க்க வேண்டும்.

எந்த வகையானாலும் சமைப்பவருக்குத் துணை நிற்கும் முறை ஒன்றே. இலையை விரல்களுக்கிடையே நசுக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். பூவோ எலுமிச்சையோ மணத்தால் நெருப்பிலிருந்து விலக்கி, பச்சையாகவோ இறக்கியபின்னோ சேர்க்கலாம். சோம்பு மணத்தால் கடைசி நிமிடத்தில் கொழுப்புள்ள குழம்பில் இடலாம். கிராம்பும் மிளகும் மணத்தால் காய்ந்த வாணலியையும் அது தாங்கும். இலையை மூடிய பாத்திரத்திலோ வாழையிலையிலோ பொதிந்தால் மேலும் சிறிது நேரம் கூடுதலாகச் சூட்டில் விடலாம்.